சாரதாமணிக்குக் கடல் ஒத்துக்காது

"அண்ணிக்கு டிக்கெட் வேண்டாம்ண்ணா. கப்பல் பூரா வாந்தியெடுத்து நம்ம மானத்த வாங்கிப்போடும்."

முருகவேல் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பெருமாநல்லூரில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் கப்பல் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் தண்டாயுதபாணியும் சிரித்தார். முருகவேலின் மனைவி சித்ரகலா, சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுக் கொஞ்சமாகச் சிரித்தாள். யாருக்கு டிக்கெட் வேண்டாம் என்று பேச்சு நடந்ததோ அந்தச் சாரதாமணி, எல்லோருக்கும் காப்பி எடுத்துக்கொண்டு அந்த நேரம் பார்த்துக் கூடத்துக்குள் வந்தாள்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குப் பயணிகள் கப்பல் விடுகிறார்கள். காலையில் ஏறினால் மதியத்துக்குள் காங்கேசன்துறை. அங்கிருந்து நல்லூர்க் கந்தசாமி கோயில் பக்கம்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து உள்ளாடைகளுக்கு எலாஸ்டிக் நாடா போடும் யூனிட் வைத்திருந்தார்கள். நெசவு வழி வந்த குடும்பம். முருகன் என்றால் உயிர். பழனி, மருதமலை, திருச்செந்தூர் எல்லாம் பார்த்தாயிற்று, கடல் தாண்டியும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று முருகவேலுக்கு ஆசை.

சாரதாமணிக்கு வண்டியேறினால் வாந்தி வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேருந்து பல்லடம் தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். கல்யாணமாகி மறுவீடு போன அன்றைக்கு, பெரிய மாமனாரின் புதுக் காரில் வாந்தியெடுத்தாள். அந்தக் கதையை இன்றுவரை எந்த விசேஷத்திலும் யாராவது ஒருவர் எடுத்துவிடுவார்கள். பழனிக்கு மட்டும் அவள் வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்கு நடந்தே போய்வந்தாள். எவ்வளவு பக்தி பாருங்கள் என்று ஊரில் சொல்வார்கள். பக்தி இருந்தது, பொய்யில்லை. ஆனால் பஸ்ஸில் போக முடியாது என்பதால்தான் நடந்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

போன வருஷம் மகள் யாழினிக்குச் சென்னையில் குழந்தை பிறந்தது. தண்டாயுதபாணி அன்றைக்கே கிளம்பிவிட்டார். "உனக்கு ஒத்துக்காது சாரதா. நீ வீடியோ கால்ல பாத்துக்க" என்றார். பேத்தியின் முகத்தை அவள் முதன்முதலாகப் பார்த்தது யூனிட்டில், எலாஸ்டிக் சுருளுக்கு நடுவில் நின்றுகொண்டு, கைப்பேசியில். படம் நடுவிலேயே உறைந்துபோய்விட்டது. உறைந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்க தம்பி. நானும் வாரேன்."

"அண்ணி, இது பஸ்ஸில்லீங்க, கப்பல். நடுக்கடல்ல எறக்கி உடச் சொன்னா எறக்கி உடமாட்டாங்க."

"எறக்கி உடச் சொல்ல மாட்டேன்."

தண்டாயுதபாணி தணிவாகச் சொன்னார்: "என்னத்துக்கு சாரதா இந்த வீம்பு? உனக்குத்தான் ஒத்துக்காதே."

"ஒத்துக்குதா இல்லியான்னு என்ற ஒடம்புதானுங்க சொல்லோணும். நீங்க எல்லாரும் சேந்து சொல்லிட்டே இருக்கறீங்க."

அவள் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. முருகவேல் கடைசியில் தோளைக் குலுக்கிக்கொண்டு நான்கு டிக்கெட் போட்டான். கிளம்புகிற நாளன்று அவளே பின்வாங்கிவிடுவாள் என்று அவனுக்கு நிச்சயம்.

மறுநாளே சாரதாமணி திருப்பூரில் காது மூக்கு தொண்டை பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா, "இத்தன வருசமா இதுக்கு ஒருக்காகூட டாக்டர்கிட்ட காட்டலியாம்மா?" என்று ஆச்சரியப்பட்டார்.

காட்டக்கூடிய விஷயம் இது என்றே அவளிடம் யாரும் சொன்னதில்லை. எலுமிச்சம்பழம் மோந்து பார், புளிமிட்டாய் வாயில் போட்டுக்கொள் என்றார்கள். அதற்கும் கேட்காவிட்டால் வீட்டிலேயே இரு என்றார்கள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். காதுக்குள்ளே உடம்பின் ஆட்டத்தைக் கவனிக்கிற ஒரு உறுப்பு இருக்கிறது. அது ஆடுகிறோம் என்கிறது. கண்ணோ, எதிரே இருக்கிற சீட்டைப் பார்த்துவிட்டு ஆடவில்லை என்கிறது. இரண்டும் சண்டை போட்டுக்கொள்ள, மூளை குழம்பிப்போகிறது, குமட்டுகிறது. கப்பலில் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. கண்ணுக்குத் தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோட்டைக் காட்டிக்கொண்டே இருந்தால் சண்டை தணியும். கைப்பேசியைத் தொடவே கூடாது. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது.

"மாத்திர எழுதித் தாரேன். கெளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே போட்டுக்கோணும். கொமட்ட ஆரம்பிச்ச பொறவு போட்டா பிரயோசனமில்ல. கொஞ்சம் தூக்கம் வரும்."

"இதெல்லாம் பண்ணுனா வராதுங்களா?"

"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கொறையும். அப்பறம் ஒண்ணு, பழகப் பழக ஒடம்பு கேக்கும். நீங்க ஏறவே மாட்டேன்னு ஒதுங்கி ஒதுங்கி இருந்தா அதுவும் பழகாது."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சோற்றை ஆக்கி வைத்துவிட்டுப் பேருந்து ஏறினாள். போய்ச்சேர வேண்டிய வேலை எதுவும் இல்லை. திருப்பூர் போய் அங்கிருந்து பல்லடம், திரும்பிப் பெருமாநல்லூர். முன்பக்கம் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். முதல் ஞாயிறு பல்லடம் ஸ்டாண்டிலேயே வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறினாள். தனியார் பஸ்காரர்கள் விரட்டுகிற விரட்டுக்குக் கடலே தேவலாம் என்று தோன்றியது. நாலைந்து வாரத்தில் வாந்தி குமட்டலாகக் குறைந்தது. ஒரு நாள் குமட்டலும் இல்லாமல் திரும்பி வந்தாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஒருமுறை சித்ரகலாவையும் இழுத்துக்கொண்டு கோயமுத்தூர் போனாள். குளத்தில் படகு விடுகிறார்கள். இரண்டு பேரும் ஏறிச் சுற்றினார்கள். சுற்று முடிந்ததும் சாரதாமணி இன்னொரு சுற்று என்றாள்.

"எதுக்குங்கக்கா இவ்வளவு பாடு?" என்று சித்ரகலா கேட்டாள். "கோயிலுக்குன்னா நம்ம திருமுருகன்பூண்டி இருக்குது. பக்கத்துல."

"கோயிலுக்கு மட்டும்னா பூண்டியே போதும் கண்ணு" என்றாள் சாரதாமணி. அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

கிளம்புகிற நாள் வந்தது. அவள் பின்வாங்கவில்லை. கார்க் கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அது எப்போதும் முருகவேல் உட்காருகிற இடம். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, பொம்பளைங்க பின்னாடி..."

"ரோடு தெரியோணுமுங்க தம்பி. டாக்டர் சொல்லியிருக்கறாங்க. பின்னாடி உக்காந்து உங்க மேல எடுத்தாப் பரவால்லீங்களா?"

முருகவேல் பின்னாடி ஏறிக்கொண்டான். தஞ்சாவூர் தாண்டும்போது ஒருமுறை வயிறு புரண்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி, காற்றில் நின்று, இஞ்சித் துண்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறினாள். அன்று மாலை நாகப்பட்டினத்தில் லாட்ஜில் தங்கினார்கள்.

மறுநாள் காலையில் துறைமுகத்துக்குப் போனால், கப்பல் இல்லை என்றார்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கிறதாம். டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றித் தருகிறோம், காற்று தணிந்தால் போகலாம் என்று கவுண்டரில் இருந்த பையன் சொன்னான்.

முருகவேலின் முகம் மாறியது. தூரத்தில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்த கடலைப் பார்த்தான். "சகுனமே சரியில்லண்ணா. முருகன் வேண்டாங்கறான். திங்கக்கிழம சரக்குப் போகோணும், ஆளுக வேற லீவு. திரும்பிரலாம்."

தண்டாயுதபாணி தலையாட்டினார். சித்ரகலா பையைத் தூக்கிக்கொண்டாள். மூன்று பேரும் காரை நோக்கி நடந்த பிறகுதான், சாரதாமணி நின்ற இடத்திலேயே நிற்பதைக் கவனித்தார்கள்.

"வா சாரதா."

"நீங்க போங்க. நான் நாளைக்குக் கப்பல்ல போய்ட்டு வாரேன்."

"தனியாவா?"

"நீங்க வந்தா ரெண்டு பேரு. வரலீன்னா தனியாத்தானுங்க."

அவர் அவளைத் தள்ளி அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "வெளயாடறயா? ஒரு லாட்ஜுல தனியாத் தங்கியிருக்கறயா இதுவரைக்கும்? வேற நாடு. கடல் வேற இப்படிக் கெடக்குது. வாந்தியெடுத்துச் சுருண்டு கெடந்தா யாரு பாப்பா?"

"நானே பாத்துக்குவேனுங்க. இத்தன வருசமும் நாந்தானே பாத்துட்டிருந்தேன்."

தண்டாயுதபாணிக்கு முகம் சிவந்தது. கோபத்திலா வெட்கத்திலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் நல்ல மனிதர்தான். கை நீட்டினவரில்லை, குடித்தவரில்லை. வாந்தி வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னல் வழியே வெளியே பார்த்தவர், அவ்வளவுதான். "போனாப் போ" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். சித்ரகலா மட்டும் ஓடி வந்து, தன் பையிலிருந்த இஞ்சி மிட்டாய்ப் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

கார் போய்விட்டது. சாரதாமணி அங்கேயிருந்த ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். திரும்ப வேண்டுமென்றால் இப்போதுகூடத் திரும்பலாம்; போன் செய்தால் கார் வந்துவிடும். உட்கார்ந்தபடி கடலையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய், கவுண்டரில் தன் டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டாள். ஆட்டோ பிடித்து லாட்ஜுக்குப் போய், அறை இன்னும் ஒரு நாளைக்கு வேண்டும் என்று சொன்னாள். "கூட யாரும்மா?" என்று கேட்டார் மேசையில் இருந்தவர். "நான்தானுங்க" என்றாள்.

மறுநாள் காற்று தணிந்திருந்தது, முழுதாக இல்லை. சாரதாமணி இரண்டு இட்லி சாப்பிட்டு, நேரம் பார்த்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். இந்தப் பயணத்துக்கென்றே எடுத்த பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வாங்கிக் கப்பலுக்குள் போனால், அவளுடைய இடம் முன்பக்கத்தில் இருந்தது. கப்பலின் முன்பக்கம்தான் அதிகமாகத் தூக்கிப்போடும் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. சீருடை போட்ட பணியாளரிடம் போனாள்.

"எனக்கு நடுவுல, சன்னலோரமா ஒரு எடம் வேணுமுங்க."

"சீட் நம்பர் படிதாம்மா உக்காரணும்."

வேறு நாளாக இருந்தால் சரியென்று திரும்பியிருப்பாள். "அண்ணா, எனக்கு வாந்தி வருமுங்க. நெறைய வரும். நடுவுல உக்காந்து கடலப் பாத்துட்டு வந்தா வராது. அப்பறம் உங்க இஷ்டம்" என்றாள், சுற்றி இருந்தவர்கள் காதில் விழுகிற மாதிரி. சொல்லி முடித்தபோது அவளுக்கே வியப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக வாய்விட்டுச் சொல்லக் கூசிய விஷயம் அது. பணியாளர் அவசரமாக அவளைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய், நடுவரிசையில் சன்னலோரமாக உட்கார வைத்தார்.

பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் பெரிய பையைக் காலடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். சாரதாமணியின் பேச்சைக் கேட்டதும், "நீங்கள் திருப்பூரோ? நான் அங்கயிருந்துதான் வாறன்" என்றாள். பெயர் தவமலர். யாழ்ப்பாணத்தில் துணிக்கடை. திருப்பூர்க் காதர்பேட்டையில் மொத்தமாக பனியனும் பிள்ளைகளுக்கான உடுப்பும் வாங்கிக்கொண்டு போகிறாள்.

கப்பல் நகர்ந்ததும் தவமலர் கைப்பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "குறை நினைக்காதேங்கோ. எனக்குச் சத்தி வரும்."

"சக்திங்களா?"

"இல்லை, சத்தி. நீங்கள் வாந்தி எண்டு சொல்லுவியள்."

சாரதாமணி அவளையே பார்த்தாள். "நீங்க அடிக்கடி போறவங்கதானுங்களே?"

"ஓம். ஒவ்வொரு முறையும் வரும். மருந்து போட்டால் குறைவு, போடாட்டில் கூடுதல்."

"அப்பறம் ஏனுங்க வாரீங்க?"

தவமலருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது. "பின்ன? சத்திக்குப் பயந்து கடையைப் பூட்டேலுமோ?"

சாரதாமணிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். என்னத்துக்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே தவமலரும் சேர்ந்து சிரித்தாள்.

கரை மறைந்ததும் கப்பல் ஆடத் தொடங்கியது. சாரதாமணி தலையைச் சீட்டில் சாய்த்து அசையாமல் வைத்துக்கொண்டு, கடலும் வானமும் சேருகிற தூரத்துக் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டாள். கோடு ஏறியது, இறங்கியது. கண் அதோடு ஏறி இறங்கியது. வயிறு கல் மாதிரி சும்மா கிடந்தது. முன்வரிசையில் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். ஒரு பெரிய மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினார். அவளுக்கு ஒன்றுமில்லை. மாத்திரையின் மயக்கத்தில் கண்கூடச் செருகியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள்.

அந்த நேரத்தில் யாரோ பொட்டலம் பிரித்தார்கள். பொரித்த மீன். மூடிய கூடத்துக்குள் அந்த வாசம் சுழன்று வந்து முகத்தில் அடித்தது. சாரதாமணி இஞ்சி மிட்டாயைத் தேடிக் குனிந்தாள். குனிந்தது தப்பாகப் போயிற்று. தவமலர் சட்டென்று ஒரு பையை அவள் கையில் விரித்துக் கொடுத்தாள்.

அடுத்த நிமிடம் தவமலருக்கும் வந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க ஆளுக்கொரு பையில் எடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் முகத்தைச் சுளித்து, "ச்சே" என்றார்.

சாரதாமணி பையை முடிச்சுப் போட்டுக் கீழே வைத்தாள். தண்ணீர் எடுத்து வாயைத் துடைத்தாள். பிறகு அந்த ஆளை நேராகப் பார்த்தாள். பழைய சாரதாமணி என்றால் முந்தானையால் முகத்தை மூடியிருப்பாள்.

"வாந்திதானுங்க" என்றாள். "எனக்கு வந்துச்சு, போயிருச்சு. நீங்க சன்னலப் பாருங்க, இல்லாட்டி உங்களுக்கும் வரும்."

அந்த ஆள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளும் மறுபடி தன் கோட்டைத் தேடிப் பிடித்தாள். அதற்குப் பிறகு காங்கேசன்துறை வரும்வரை அவளுக்குக் குமட்டவில்லை. குமட்டியிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

அன்று சாயங்காலப் பூசைக்கு நல்லூரில் நின்றாள். தவமலர்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்தாள். மணி அடித்ததும் திரை விலகியது. சாரதாமணி எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. கும்பிட்டபடி, "வந்துட்டேன்" என்று மட்டும் வாய்க்குள் சொன்னாள். கால் இன்னும் கப்பலில் நிற்கிற மாதிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கோயிலை விட்டு வெளியே வந்து மணலில் உட்கார்ந்தபோது, பசி அப்படி எடுத்தது. தவமலர் வாங்கிக்கொடுத்த தோசையை ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிட்டாள். இரவு தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளும்படி தவமலர் சொன்னாள். பேச்சோடு பேச்சாக நயினாதீவு அம்மன் கோயிலைப் பற்றியும் சொன்னாள். தீவுக்கு மரப்படகில் போக வேண்டும், தூரம் கொஞ்சம்தான், ஆனால் ஆட்டம் கப்பலைவிட மோசம்.

காலையில் சாரதாமணி வீட்டுக்குப் போன் செய்தாள். தண்டாயுதபாணி முதல் மணியிலேயே எடுத்தார்.

"நல்லாருக்கறயா?"

"நல்லாருக்கறேனுங்க. சாமி பாத்தாச்சு."

"கப்பல்ல வாந்தியெடுத்தயா?"

"எடுத்தேனுங்க. வாயக் கொப்பளிச்சுட்டு வந்துட்டேன்."

சாரதாமணி தொடர்ந்தாள். "இன்னைக்கு ஒரு தீவுக்குப் போறேன். சின்னப் படகு. திரும்பற டிக்கெட்ட நாளான்னைக்குக் கப்பலுக்கு மாத்தியிருக்கறேன்."

"சின்னப் படகா? அது இன்னும் ஆடுமே! வேண்டாம் சாரதா, சொன்னாக் கேளு. போனது போதும்."

"உங்களக் கேக்கறதுக்குப் போன் பண்ணலீங்க. சொல்லறதுக்குப் பண்ணுனேன்."

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. "மாத்தர மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க."

"முன்னாலயே போட்டுக்க."

தீவுக்குப் புறப்படும் குறிகட்டுவான் துறையில் படகு நிறையக் கூட்டம். பெண்களெல்லாம் குனிந்து கீழ்த்தட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருட்டு, டீசல் நாற்றம், சன்னல் என்று பேருக்கு ஒரு பொந்து. சாரதாமணி படியில் ஒரு கால் வைத்துப் பார்த்துவிட்டு மேலே திரும்பினாள்.

"அம்மா, கீழ இறங்குங்கோ" என்றார் படகுக்காரர்.

"நான் இங்கயே உக்காந்துக்கறேனுங்க. காத்து வேணும்."

"மேல தண்ணி அடிக்கும். நனைவியள்."

"நனஞ்சாக் காயுமுங்க."

அவர் ஒரு உயிர்காப்பு அங்கியை எடுத்து அவள் கையில் கொடுத்து, போட்டுக்கொள்ளும்படி சைகை காட்டிவிட்டு இயந்திரத்தைக் கிளப்பப் போனார். தவமலர் கீழேயிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். பிறகு தன் பிளாஸ்டிக் பைகளோடு மேலே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படகு துறையை விட்டு விலகியதும் முதல் அலை வந்து இரண்டு பேரையும் இடுப்புவரை நனைத்தது.